அடிக்காமல் விட்ட வரி

ஐந்தாவது புதன்கிழமையும் சாட்சிப் பெட்டி அதே கேள்வியைத்தான் கேட்டது.

“தங்களுக்கு எழுகை மருந்து வேண்டுமா? தங்கள் வாயால் சொல்லவும்.”

நாலடுக்கு டிபன் கேரியர் உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஊசிக் குப்பி. குரல் மட்டும் செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி அவ்வளவு சுத்தம். கட்டிலில் கிடந்த பூவராகன் அந்தக் கேள்வியைக் கேட்டாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கில் உணவுக் குழாய். கண் திறந்திருந்தது, இமைத்தது, மின்விசிறியைப் பார்த்தது. அறுபத்து நாலு வயது மனிதர், நாற்பத்தைந்து நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் நிறைமதி சுவரோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் அவகாசம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் அவரைத் தொடக் கூடாது, கெஞ்சக் கூடாது, ‘மருந்து வேண்டும் என்று சொல்லுங்கள்’ என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. எதைச் செய்தாலும் பெட்டி மூன்று மாதத்துக்குப் பூட்டிக்கொள்ளும். விதிகளை வேண்டுமானால் நோயாளிக்குப் படித்துக் காட்டலாம். முதல் மூன்று வாரம் அதையும் செய்து பார்த்துவிட்டாள்.

“பதில் பெறப்படவில்லை. அடுத்த வாய்ப்பு வரும் புதன்கிழமை. நன்றி.”

“நன்றி ஒண்ணுதான் கேடு,” என்றாள் நிறைமதி.

விதிப்படி சாட்சியாக நின்ற மருந்தாளுநர் ரபீக் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “மெதுவா டாக்டர். இன்னும் அணையல, எல்லாம் பதிவாகுது.”

“பதிவாகட்டும் பாய். யாராவது கேக்கட்டும்.”

வெளியே பெஞ்சில் பூவராகனின் மனைவி கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்திருக்கும் நேரத்தில் உறவினர் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. எழுந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று தினமும் கொண்டுவந்தாள், தினமும் திருப்பி எடுத்துப் போனாள்.

“இன்னைக்கும் இல்லையா டாக்டர்?”

“இல்லம்மா.”

“நேத்து உடம்பு துடைக்கறப்ப உதடு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“அசைஞ்சாப் போதாதும்மா, சத்தம் வரணும். ஆமா, சரி, போடுங்க, எது சொன்னாலும் பெட்டி ஏத்துக்கும். அவர் குரலா மட்டும் இருக்கணும்.” நிறைமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாரம் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் கிளம்பிவிட்டது. “எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்த மருந்து யாருக்கு? மனச்சோர்வு முத்திப்போய் பேச்சே நின்னுபோனவங்களுக்கு. பதினாலு நாள் பேசலைன்னு நான் சான்று குடுத்தாத்தான் குப்பியே வருது. வந்தப்புறம் அதே ஆளு வாயைத் திறந்து கேக்கணுமாம். கால் ஒடைஞ்சவனை ஓடி வந்து கட்டுப் போட்டுக்கன்னு சொல்ற கதையா இருக்கு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவனை ஒருநாள் இந்தக் கட்டில்ல படுக்க வச்சுப் பாக்கணும்.”

கஸ்தூரி சட்டையை வெளியே எடுத்து மடிப்புக் கலையாமலே இன்னொரு தடவை மடித்தாள்.

“யோசிக்காம எழுதியிருக்க மாட்டாங்க டாக்டர்,” என்றாள்.

நிறைமதிக்குச் சுருக்கென்றது. புருஷன் இப்படிக் கிடக்கும்போது எழுதினவனுக்கு வக்காலத்து வாங்குகிற பெண்ணை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சட்டம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அது நிறைமதிக்கும் தெரியும். எழுகை வந்த புதிதில் எல்லோரும் கொண்டாடினார்கள். மாதக்கணக்கில் மரக்கட்டையாகக் கிடந்தவர்கள் ஒரே ஊசியில் மறுநாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். ஆனால் ஊசி போட்ட முதல் மூன்று நாள், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினார்கள். அது போதாதா நம் ஆட்களுக்கு? தம்பிமார் அண்ணனுக்கு ஊசி போட்டு நிலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பெண்ணை மூன்றாம் நாள் மணவறையில் உட்கார வைத்தார்கள். அப்புறம்தான் மருந்து ஆணையம் விழித்துக்கொண்டது. குப்பி பெட்டிக்குள் போயிற்று. நோயாளியின் சொந்தக் குரல் கேட்டால்தான் பெட்டி திறக்கும். ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகப் பேசிப் பதிவு செய்கிறார்களே, அந்தக் குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உடைத்தால் டாக்டருக்கு ஏழு வருஷம் சிறை.

எல்லாம் சரி. ஆனால் ஒன்பதாம் விதி மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. ‘நோயாளி தன் வாயால் கேட்க வேண்டும். இதற்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.’ வெள்ளாற்றங்கரையில் இருந்த அந்தத் தாலுகா மருத்துவமனையில் நிறைமதி இதுவரை இருபத்திரண்டு பேருக்குப் பெட்டி வரவழைத்திருந்தாள். ஏதோ ஒரு காலையில் தற்செயலாக முனகிவிட்ட எட்டுப் பேருக்கு அது திறந்தது. மற்றவர்களில் மூன்று பேர் மூக்குக் குழாயோடே செத்துப்போனார்கள். மூன்று பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். பழைய மருந்துகளும் மின் சிகிச்சையும் இருக்கத்தான் செய்தன. பூவராகனுக்கு மருந்துகள் கேட்கவில்லை, மின் சிகிச்சையை அவர் இதயம் தாங்காது.

மறுநாள் காலை ஆணையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். துணை இயக்குநர் தன்மையான மனிதர். தன்மையான மனிதர்களிடம் சண்டை போடுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

“உங்க வருத்தம் புரியுது டாக்டர். ஆனா எழுதினவங்க ஏதோ காரணத்தோடதான் எழுதியிருப்பாங்க.”

“என்ன காரணம்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.”

“கோப்பைப் பாக்கணும்.”

“எட்டு வருஷமா யாருமே பாக்கலையா சார்? சரி, எனக்கு ஒரு நகல் அனுப்புங்க. நான் பாக்கறேன்.”

அவளை வாயடைக்க அதுதான் சுலபமான வழி என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளிக்கிழமையே நகல் அவள் திரைக்கு வந்துவிட்டது. புறநோயாளிகள் கூட்டம் கலைந்ததும் உட்கார்ந்து படித்தாள். நாற்பது பக்கம். ஒன்பதாம் விதிக்கு எதிரே காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஆறு பச்சை மைக் கையெழுத்துகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘பார்த்தேன். ஒப்புதல்.’ அவற்றுக்கெல்லாம் அடியில், நீல மையில், சின்னதாக ஒரு வரி.

‘வரைவு தயாரித்தவர்: கோ. பூவராகன், பிரிவு அலுவலர்.’

நிறைமதி நோயாளிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். கோ. பூவராகன். தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்ற அரசு ஊழியர்’ என்று மட்டும் கஸ்தூரி சொல்லி எழுதியிருந்தது. நிறைமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவனை இந்தக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்கணும் என்று கஸ்தூரியிடமே சொல்லியிருக்கிறோமே என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வார்டுக்குப் போனாள். கஸ்தூரி கணவரின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

கஸ்தூரி எதை என்று கேட்கவில்லை. நகவெட்டியைக் கீழே வைத்தாள். “எப்படி டாக்டர் சொல்றது? நீங்க வாராவாரம் வந்து அந்த ஆளைத் திட்டறீங்க. இவர்தான் அதுன்னு சொன்னா அப்புறம் இந்தப் பக்கமே வருவீங்களோ மாட்டீங்களோன்னு பயம்.”

“வராம எங்க போவேன். சரி, ஏன் அப்படி எழுதினார்? அதையாவது சொல்லுங்க.”

“அது அடிக்கறதுக்குன்னு விட்ட வரி டாக்டர்.”

நிறைமதிக்குப் புரியவில்லை. கஸ்தூரி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இவங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. வரைவு எழுதி மேல அனுப்பறப்ப ஒரு வரியை வேணும்னே தப்பா விட்டு வைப்பாங்க. மேல இருக்கவங்களுக்கு எதையாவது அடிச்சாத்தான் தாம் பாத்த மாதிரி இருக்கும். தப்பே இல்லாமப் போச்சுன்னா நல்ல வரியில கை வச்சுடுவாங்க. அதனால கண்ணுல படற மாதிரி ஒண்ணு விட்டுட்டா, அதை அடிச்சுட்டு மத்ததைத் தொடாம விட்டுடுவாங்க. இவர் அதுல கெட்டிக்காரர். சாப்பிட உக்காந்தா சிரிச்சுக்கிட்டே சொல்வார், இன்னைக்கு என்ன விட்டேன் தெரியுமான்னு.”

“ஒன்பதாம் விதி அப்படி விட்டதா?”

“பேச்சு இல்லாதவன் பேசிக் கேக்கணும்னா, பள்ளிக்கூடப் புள்ளைகூட கண்டுபிடிக்கும்ல டாக்டர்? அடிச்சுட்டு வேற எழுதச் சொல்வாங்கன்னு சரியான வரியையும் தயாரா வச்சிருந்தார். ஆறு பேரும் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தரும் பாக்கல. அரசிதழ்ல வந்த அன்னைக்கு இவர் சாப்பிடல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“யார்கிட்ட? வேணும்னே தப்பா எழுதினேன்னு எந்த அதிகாரிகிட்டப் போய்ச் சொல்வார்? வேலை போயிடும். நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னே ரிட்டையர் ஆயிட்டார்.” கஸ்தூரி கட்டிலைப் பார்த்தாள். “அதனாலதான் இந்த வியாதி வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். இவங்க அப்பாவும் கடைசியில இப்படித்தான் இருந்தார். ஆனா பேப்பர்ல மருந்து கிடைக்காம யாராவது செத்தாங்கன்னு வந்தா, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத் தலையணைக்கு அடியில வச்சுக்குவார்.”

பூவராகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நிறைமதி மறுபடி துணை இயக்குநரிடம் பேசினாள். இந்தத் தடவை அவளிடம் காரணம் இருந்தது. அவரும் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

“அப்படியா? பிழைன்னு தெரிஞ்சா ரொம்ப சுலபம் டாக்டர். பிழைத்திருத்தம்னு ஒரு ஆணை, முடிஞ்சுது. வரைவு எழுதினவரை ஒரு வாக்குமூலம் குடுக்கச் சொல்லுங்க.”

“அவர் மனைவி சொல்றாங்களே.”

“அது செவிவழிச் செய்தி. அவரே சொல்லணும்.”

“சார், அவர்தான் இங்க படுத்திருக்கிற நோயாளி. அவர் பேச மாட்டார். பேசாததுதான் வியாதி. அதுக்குத்தான் மருந்து கேக்கறேன்.”

மறுமுனையில் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப கஷ்டம்தான்,” என்றார் துணை இயக்குநர்.

நிறைமதி தொலைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினாள். யாரைப் பிடித்து உலுக்குவது? அந்த ஆளிடமும் தப்பில்லை. கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். மேஜையில் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவு கிடந்தது. சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பித்துவிட்டது. பொது மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, “இன்னும் பத்து நாள், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவள் கஸ்தூரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தப்பான வரியை அடிக்கறப்ப மேலதிகாரி எப்படி அடிப்பாங்க?”

“கடைசியா ஒரு அம்மாகிட்டதான் ரொம்ப வருஷம் இருந்தார். எதிர்ல நிக்க வச்சு, வாய்விட்டுப் படிச்சு, என்ன பூவராகன் இதுன்னு கேட்டு, பச்சை மையில ஒரே கோடாப் போடுவாங்களாம். இவர் சரிங்கம்மான்னு சொல்லிட்டு வந்துடுவார். தூக்கத்துலகூடச் சொல்வார் டாக்டர், சரிங்கம்மான்னு.”

ஆறாவது புதன்கிழமை நிறைமதி ஒரு முழுநீளத் தாளில் விதிகளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனாள். இடது பக்கம் அகலமாக ஓரம் விட்டு, மேலே ‘வரைவு’ என்று போட்டிருந்தாள். சான்றொப்பம் போட வைத்திருந்த பச்சைப் பேனா கோட்டுப் பையில் இருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தைப் பெட்டி வருவதற்கு முன்பே உயர்த்தி வைத்தாள். ரபீக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

“தங்களுக்கு எழுகை மருந்து வேண்டுமா? தங்கள் வாயால் சொல்லவும்.”

நிறைமதி கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிச் சாய்ந்து, அதிகாரி மாதிரியே உட்கார்ந்தாள். முதல் விதியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். விதியைப் படித்துக் காட்டலாம் என்று விதியே சொல்லும்போது பெட்டிக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? அவசரமில்லாமல், சலிப்பாக, நடுநடுவே ‘ம்’ போட்டுக்கொண்டு படித்தாள். எட்டாம் விதி முடிந்தபோது ஆறு நிமிஷம் போயிருந்தது. ரபீக் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

ஒன்பதாம் விதியைப் பாதி படித்தாள். நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“என்ன பூவராகன் இது? பேச முடியாதவர் எப்படிக் கேட்பார்? எழுதறப்ப யோசிக்கறதில்லையா?”

பேனாவைத் திறந்து அந்த வரியின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடாகப் போட்டாள். தாளைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. தாள் பிடித்த கை வலித்தது. இன்னொரு நிமிஷம். அப்புறம் பூவராகனின் கண் மின்விசிறியிலிருந்து இறங்கியது. தாளுக்கு வந்தது. பச்சைக் கோட்டின் மேல் மெள்ள மெள்ள, இடமிருந்து வலமாக நகர்ந்தது. தொண்டைக்குள் என்னவோ உருண்டது.

“சரிங்கம்மா.”

“சம்மதம் பெறப்பட்டது. நன்றி,” என்றது பெட்டி. மூடி திறந்துகொண்டது.

நிறைமதி பாய்ந்து குப்பியை எடுத்தாள். ரபீக் நகரவில்லை.

“டாக்டர், அவர் எதுக்குச் சரின்னார்?”

“பெட்டி திறந்துடுச்சு பாய்.”

“திறந்துடுச்சு. நான் அதைக் கேக்கல.”

அவள் குப்பியின் கழுத்தை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றினாள். மூன்று பேரின் பெயர்கள் மனதில் ஓடின. நான்காவதாக ஒன்று சேர அவள் விடப்போவதில்லை. ரபீக் சாட்சிப் பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குமேல் அவர் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை பூவராகன் குழாயைப் பிடுங்கச் சொல்லிக் காப்பி கேட்டார். விதிப்படி முதல் மூன்று நாள் யாரையும் பார்க்க விடவில்லை. நர்ஸ் இட்லியா உப்புமாவா என்றால் சரிங்க என்றார். இரண்டுமா என்றாலும் சரிங்க. நான்காம் நாள் உப்புமா ஆறிப்போயிருக்கிறது என்று கோபித்துக்கொண்டார். அப்போதுதான் நிறைமதி அவரிடம் பேசப் போனாள். இஸ்திரி போட்ட சட்டை ஒருவழியாக அவர் உடம்பில் ஏறியிருந்தது. இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது.

“சார், அன்னைக்கு நீங்க மருந்துக்குத்தான் சரின்னு சொன்னீங்களா?”

பூவராகன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் யோசிப்பது முகத்திலேயே தெரியும். “இல்ல டாக்டர். நீங்க அடிச்சதுக்குச் சொன்னேன். மருந்து என் ஞாபகத்துலயே இல்ல.”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?”

“அன்னைக்கு இருந்த ஆளைப் பத்தி இன்னைக்கு எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்றது? இப்ப நல்லாத்தான் இருக்கேன். நன்றி.” கொஞ்சம் நிறுத்தி, “நன்றி சொல்றேன். சரின்னு சொல்லல,” என்றார்.

நிறைமதி அதை விழுங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த கஸ்தூரி, “இப்பத்தான் பேசறாரே. அடுத்த மாசக் குப்பியை இப்பவே கேட்டு வாங்கி வச்சுக்கலாமா டாக்டர்?” என்றாள்.

“பேசறவங்களுக்குக் குப்பி கிடையாதும்மா. மறுபடி பதினாலு நாள் பேசாம இருக்கணும்.”

“நாலாம் விதி,” என்றார் பூவராகன். “அதையும் நான்தான் எழுதினேன். அது சரியான விதி. ஒன்பது போயிடுச்சுன்னா நாலு யாரையும் கொல்லாது.”

ஒரு குப்பி முப்பது நாள் தாங்கும். சிலருக்கு அதோடு சரியாகிவிடும். சரியாகாவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவர் வாக்குமூலம் கொடுத்தார். துணை இயக்குநர் மகிழ்ந்துபோய், திருத்த வரைவையும் நீங்களே எழுதி அனுப்புங்களேன் என்றார். பூவராகன் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ஐந்தே வரி. நோயாளி நன்றாக இருக்கும்போதே முன்சம்மதம் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு டாக்டர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்து, திருமணம் எதற்கும் அது செல்லாது. அப்படிப்பட்ட முன்சம்மதம் இருந்தால் பெட்டி திறக்கும். இந்த ஆணை உடனே அமலுக்கு வரும்.

நிறைமதி படித்துவிட்டு நிமிர்ந்தாள். “இதுல எதையும் விட்டு வைக்கலையே?”

“இன்னும் இல்ல. ஒண்ணு விடணும். எதை விடலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“வேண்டாம் சார்.”

“டாக்டர், அவங்க கை சும்மா இருக்காது.”

“போன தடவை விட்டதுக்கு என் வார்டுல மூணு பேர் செத்திருக்காங்க சார்.” சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவளுக்கு நிறுத்த முடியவில்லை. “இனிமே அந்த விளையாட்டு வேண்டாம். சுத்தமா அனுப்புங்க. ஒழுங்கா எழுதினா யாரு எதை அடிக்கப்போறாங்க?”

பூவராகன் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலையசைத்தார். வரைவு அப்படியே போயிற்று.

இருபதாம் நாள் அவர் குரல் இறங்க ஆரம்பித்தது. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. இருபத்து நாலாம் நாள் துணை இயக்குநரே கூப்பிட்டார்.

“வாழ்த்துகள் டாக்டர். ஆணை வெளியாயிடுச்சு. இவ்வளவு சுத்தமான வரைவை நான் பாத்ததே இல்ல. இயக்குநர் அம்மாகூடப் பாராட்டினாங்க. ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான்.”

“எந்த வரி?”

“நாலாவது. முன்சம்மதம் இருந்தா பெட்டி திறக்கும்னு. மேல சொன்னதையே திரும்பச் சொல்ற மாதிரி இருந்துச்சு, கூறியது கூறல்னு அடிச்சுட்டாங்க.”

“சார், அது இல்லாம பெட்டி எப்படித் திறக்கும்?”

“முன்சம்மதம்தான் இருக்கே.”

“தாள் இருக்கும் சார். பெட்டிக்குத் தாளைப் படிக்கணும்னு யாரு சொல்றது? அந்த வரிதானே சொல்லுச்சு. அது இல்லாம பெட்டி இன்னும் குரலைத்தான் கேக்கும்.”

“சரிதான்,” என்றார் அவர், வருத்தமாகவே. “ஆனா ஒரு தடவை திருத்தினதை ஒரு வருஷத்துக்கு மறுபடி திருத்த முடியாது. அடுத்த வருஷம் நினைவுபடுத்துங்க.”

அவள் கத்தினாள். வராந்தாவில் சீட்டுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கத்தி முடித்தபோது, எல்லோரிடமும் போய்விட்டுக் கோபம் கடைசியில் தன்னிடமே வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. ஒரு அற்பத் தப்பை அந்த வரைவில் விட்டு வைத்திருந்தால் அந்த அம்மாள் அதை அடித்துவிட்டுப் போயிருப்பாள். வேண்டாம் என்று தடுத்தது யார்?

பூவராகன் வீட்டுக்கு நேரில் போய்த்தான் சொன்னாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கூடத்தில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. அவள் சொல்லி முடித்தாள். “நான்தான் சார் தடுத்தேன். என் தப்பு.”

அவர் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு தாள்கள், ரப்பர் வளையம் போட்டு. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து, இடது பக்கம் அகலமான ஓரம், மேலே ‘வரைவு’.

“ஆணை வந்ததை நேத்தே பாத்துட்டார் டாக்டர்,” என்றாள் கஸ்தூரி. “விடியற்காலையிலேர்ந்து உக்காந்து எழுதினார்.”

“தடவைக்கு ஒண்ணு,” என்றார் பூவராகன். ஒவ்வொரு சொல்லும் படியேறி வந்தது. “ஒரு வருஷத்துக்கு. பழசைக் காட்டினா வாய் வராது. புதுசா இருக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி விட்டிருக்கேன்.”

நிறைமதி முதல் தாளை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. நான்காவது வரியில் அது இருந்தது.

‘மருத்துவர் தேவை எனக் கருதினால், நோயாளியின் சம்மதத்தைக் கேளாமலே மருந்தைச் செலுத்தலாம்.’

இதில் என்ன தப்பு என்று கேட்க வாயெடுத்துவிட்டாள். வாரக்கணக்காக வராந்தாவிலும் தொலைபேசியிலும் அவள் கத்தியது வேறு எதை? அந்தப் புதன்கிழமை குப்பியை உடைத்தபோது அவள் செய்ததும் இதைத்தானே. ரபீக் கேட்ட கேள்விக்கு அவள் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

“இதையா சார் அடிக்கணும்?”

“நீங்கதான் அடிக்கணும்,” என்றார். “நீங்க அடிக்கறதைப் பாத்தாத்தான்... எனக்கு வாய் வரும்.”

“அப்ப நீங்க மருந்துக்குச் சரின்னு சொல்றீங்கன்னு நான் எடுத்துக்கலாமா சார்? இந்தத் தடவையாவது?”

“சரி,” என்றார் பூவராகன், அவள் முகத்தைப் பார்த்து. கேட்டுப் பதிவு செய்ய அங்கே பெட்டி இல்லை.

அவள் பச்சைப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். கை அந்த வரியின்மேல் நின்றது. அவர் லேசாகத் தலையசைத்து மறுத்தார்.

“இப்ப வேண்டாம் டாக்டர். அப்புறம்.”

நிறைமதி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். தாள்களை அடுக்கி ரப்பர் வளையத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அவர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.